இஷாவுக்குப் பிறகு பத்து நிமிடம்: முஹாஸபா பழகத் தொடங்குபவர்களுக்கு

"இனிமேல் தீனில் ஒழுங்காக இருக்க வேண்டும்" என்று முடிவெடுத்தவுடன் நம்மில் பலர் செய்கிற முதல் காரியம் ஒரு நீளமான பட்டியல் போடுவது. ஐந்து வக்துத் தொழுகையும் ஜமாஅத்தோடு, பின்னிரவில் தஹஜ்ஜுத், தினம் குர்ஆனில் ஒரு ஜுஸ்வு, திங்கள் வியாழன் நோன்பு, காலை மாலை திக்ரு. முதல் வாரம் நன்றாகவே ஓடும். அடுத்த வாரம் தஹஜ்ஜுத் நிற்கும், அதற்கடுத்த வாரம் பட்டியலே நிற்கும். சரி, ரமலான் வரட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசு சமாதானம் சொல்லிவிடும்.

அப்படிப் பட்டியல் போட்டுச் சலித்தவர்களுக்கும், இப்போதுதான் தொடங்க நினைப்பவர்களுக்கும் ஒரு சின்ன வேலையைச் சொல்கிறேன். படுக்கப் போகும் முன் அன்றைய நாளைக் கணக்குப் பார்ப்பது. இதற்குத்தான் முஹாஸபா என்று பெயர்.

இது யாரோ புதிதாகக் கண்டுபிடித்த முறை அல்ல. ஒவ்வொருவரும் நாளைக்காகத் தாம் எதை அனுப்பி வைத்திருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளட்டும் என்கிறது குர்ஆனின் 59ஆம் அத்தியாயத்தின் 18ஆம் வசனம். உங்களிடம் கணக்குக் கேட்கப்படும் முன் நீங்களே உங்களிடம் கணக்குக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று உமர் (ரலி) சொன்னதை ஹதீஸ் தொகுப்பாளர் திர்மிதி பதிவு செய்திருக்கிறார். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி இதை ஒரு முறையாகவே வகுத்துக் கொடுத்தார். முதல் போட்டு வியாபாரம் செய்பவன் தன் கூட்டாளியிடம் நடந்துகொள்வதுபோல நம் நஃப்ஸிடம் (மனஇச்சையிடம்) நடந்துகொள்ளச் சொல்கிறார்: காலையில் நிபந்தனை பேசு, பகலில் கண் வைத்திரு, இரவில் கணக்கு வாங்கு, குறைந்தால் அபராதம் போடு. கீழே சொல்வதெல்லாம் ஏறக்குறைய அந்த வரிசைதான், நம் அன்றாடத்துக்கு ஏற்றபடி.

தொடங்கும் முன் ஒன்று. கணக்கு என்றதும் எத்தனை ரக்அத், எத்தனை தஸ்பீஹ் என்றுதான் கை எழுதப் போகும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மனிதர்களுக்கு நாம் தர வேண்டிய ஹக்கிலிருந்து (உரிமையிலிருந்து) தொடங்குங்கள். திவாலானவன் யார் தெரியுமா என்று நபி (ஸல்) தோழர்களிடம் கேட்ட ஹதீஸ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. காசும் பொருளும் இல்லாதவன் என்றார்கள் தோழர்கள். நபி (ஸல்) சொன்ன விடை வேறு. மறுமையில் தொழுகையும் நோன்பும் ஜகாத்துமாக ஒருவன் வருவான். ஆனால் இவனைத் திட்டியிருப்பான், அவன்மேல் பழி போட்டிருப்பான், இன்னொருவன் பொருளைத் தின்றிருப்பான். அவனுடைய நன்மைகள் ஒவ்வொருவருக்காகப் பிரித்துக் கொடுக்கப்படும். நன்மை தீர்ந்தபின் அவர்களுடைய பாவங்கள் இவன் தலையில் ஏற்றப்படும். நோட்டில் தஹஜ்ஜுத்துக்கு ஒரு கட்டம் போட்டுவிட்டு இதற்குக் கட்டம் போடாமல் இருப்பது என்ன கணக்கு?

நேரம், இடம், நோட்டு

இரவுத் தொழுகையான இஷாவைத் தொழுது, சாப்பாடு முடிந்து, படுக்கும் முன் பத்து நிமிடம் போதும். இஷாவுக்கு முன் தூங்குவதையும் அதற்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) விரும்பவில்லை என்று புகாரியில் வருகிறது. இன்று அந்த நேரம் முழுவதும் போனுக்குப் போய்விட்டது. அதனால் இந்தப் பத்து நிமிடம் போன் வேறு அறையில் இருக்கட்டும். சுபுஹுக்கு எழ அலாரம் வேண்டுமே என்பவர்கள் ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம். ஒளுவோடு (தொழுகைக்கு முன் செய்யும் சுத்தத்தோடு) படுப்பது சுன்னத் என்பதால் முதலில் ஒளு செய்துவிட்டு உட்கார்ந்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். வளைகுடாவில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு எப்போது தூக்கமோ அதற்கு முந்தைய பத்து நிமிடம்.

தொழுகையைக் குறித்துவைக்கிற ஆப்கள் நிறைய வந்துவிட்டன. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. எத்தனை நாள் தொடர்ச்சி என்று எண்ணிக் காட்டி, பச்சை டிக் போட்டு, நம்மை நாமே மெச்சிக்கொள்ள வைப்பதில் கெட்டிக்காரத்தனம் அதிகம். சட்டைப் பையில் நுழைகிற சின்ன நோட்டும் ஒரு பேனாவும் போதும்.

காலையில் ஒரு வரி

சுபுஹ் தொழுததும், முஸல்லாவிலிருந்து (தொழுகை விரிப்பிலிருந்து) எழும் முன், அன்றைக்கு ஒரே ஒரு நிபந்தனை. "இன்று நல்லபடியாக நடந்துகொள்வேன்" என்று எழுதினால் இரவில் எதை வைத்துச் சரிபார்ப்பது? இடமும் செயலும் தெரிய வேண்டும். "மதியச் சாப்பாட்டில் மேனேஜரைப் பற்றிப் பேச்சு வந்தால் தண்ணீர் பிடிக்க எழுந்துபோவேன்." "மகன் ஹோம்வொர்க்கில் தப்புச் செய்தால் குரல் உயர்த்த மாட்டேன். கோபம் வந்தால் உட்கார்ந்துவிடுவேன்." நின்றிருக்கும்போது கோபம் வந்தால் உட்காருங்கள், அப்படியும் போகவில்லையென்றால் படுத்துக்கொள்ளுங்கள் என்று அபூதாவூதில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. எளிய யோசனை, செய்து பார்த்தால் வேலை செய்யும்.

இரவில் மூன்று கேள்விகள்

முதல் கேள்வி தொழுகை. இதில் ஐந்து எழுத்துப் போதும்: சு, லு, அ, ம, இ (சுபுஹ், லுஹர், அஸர், மஃரிப், இஷா). பக்கத்தில் வக்தில் தொழுதீர்களா, கடைசி நேரத்திலா, நேரம் தப்பிக் கழா ஆகிவிட்டதா என்று குறியுங்கள். தாமதமானால் காரணத்தை இரண்டு சொல்லில் எழுதுங்கள். ஒரு வாரம் போனால் காரணங்கள் தாமே பேசும். சுபுஹ் போனதற்குக் காரணம் தூக்கம் அல்ல, நள்ளிரவு வரை பார்த்த வீடியோ என்று தெரியும். அஸர் எப்போதும் மாலை மீட்டிங்கில் சிக்குகிறதென்றால் பத்து நிமிட இடைவெளி கேட்பதுதான் வழி. கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள். மாதவிடாய் நாட்களில் பெண்கள் இந்த வரியில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த இரண்டு கேள்விகளுக்குப் போகலாம். கணக்கு நிற்க வேண்டியதில்லை. வருடக் கணக்கில் விட்டுப்போன பழைய தொழுகைகளை என்ன செய்வது என்பதை உங்கள் பள்ளி ஹஸ்ரத்திடம் (ஆலிமிடம்) கேளுங்கள். அதை இந்த நோட்டில் ஏற்றினால் முதல் நாளே மலைத்துப்போவீர்கள்.

இரண்டாவது நாக்கு. இங்கேதான் அதிக நேரம் செலவாகும், ஆகவும் வேண்டும்.

புறம் பேசுவதற்கு நபி (ஸல்) தந்த விளக்கம் தப்பிக்க இடம் தராதது: உன் சகோதரனைப் பற்றி அவன் வெறுக்கும் ஒன்றைச் சொல்வது. சொன்னது அவனிடம் உண்மையாகவே இருந்தால்? இருந்தால்தான் அது புறம், இல்லையென்றால் அது அவதூறு என்றார்கள். "நான் இல்லாததையா சொன்னேன்?" என்பது நம் ஊரில் ஒருவர் தவறாமல் எடுத்துவிடுகிற சமாதானம். இந்த ஹதீஸுக்கு முன் அது நிற்காது.

இஷா முடிந்து பள்ளிக்கு எதிரிலிருக்கும் டீக்கடையில் நாலு பேர் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர், "நம்ம பாய் மவன் கல்யாணத்துக்கு என்ன செலவு தெரியுமா" என்று ஆரம்பிக்கிறார். இன்னொருவர், "அவ்வளவு காசு எங்கேயிருந்து வந்துச்சாம்" என்கிறார். நீங்கள் எதுவும் சொல்லவில்லை, சிரித்தீர்கள், அவ்வளவுதான். இரவு நோட்டில் இதை எழுத வேண்டுமா? வேண்டும். அந்தச் சிரிப்புத்தான் அடுத்தவரை மேலே பேச வைத்தது. மறுநாள் காலை நிபந்தனை அதிலிருந்தே கிடைக்கும்: டீயைக் குடித்ததும் கிளம்பிவிடுவது, அல்லது "அவர் போன மாசம் நம்ம தெருவுக்குக் குழாய் போட அலைஞ்சாரே" என்று பேச்சைத் திருப்புவது. எல்லாரையும் நிறுத்தி ஆயத் ஓதிக் காட்ட வேண்டியதில்லை. அப்படிச் செய்பவர் போனபிறகு அவரைப் பற்றித்தான் பேச்சு ஓடும்.

எல்லாமே புறமும் ஆகாது. 1277இல் மறைந்த இமாம் நவவி, குறை சொல்வது அனுமதிக்கப்பட்ட ஆறு இடங்களை எண்ணிக் காட்டியிருக்கிறார். அநியாயத்தை அதிகாரியிடம் முறையிடுவது, மார்க்கத் தீர்ப்புக் கேட்பது, பிறரை எச்சரிப்பது அவற்றில் உண்டு. நமக்கு அடிக்கடி வருவது மாப்பிள்ளை விசாரணை. பெண் வீட்டார் போன் பண்ணி "பையன் எப்படி?" என்று கேட்கிறார்கள். தெரிந்த குறையை மறைத்து "தங்கமான பையன்" என்று சொல்வதும் ஒரு துரோகம்தான். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றிக் கேட்டபோது, அபூஜஹ்ம் தோளிலிருந்து தடியை இறக்காதவர், முஆவியா கையில் காசில்லாதவர் என்று நபி (ஸல்) நேராகவே சொல்லிவிட்டார்கள். கேட்டதற்குத் தேவையான அளவு மட்டும் சொல்வது, அதை விட்டு அவன் மாமனார் கதை வரை போகாமல் நிறுத்துவது: நோட்டில் பார்க்க வேண்டியது அந்த எல்லையைத்தான்.

விரலும் நாக்கில் சேர்த்தி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும்" என்று நபியின் பெயரில் சுற்றுகிற செய்திகளை யோசிக்காமல் தள்ளிவிடுகிறோம். கேட்டதையெல்லாம் சொல்வதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்கிற ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. எந்த நூல், எந்த எண் என்று இல்லாத ஹதீஸை அனுப்புவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் இந்த வரி பெரும்பாலான இரவுகளில் காலியாக இருக்கும்.

மூன்றாவது கேள்வி பணமும் கொடுத்த வாக்கும். இன்று யாருடைய காசு என்னிடம் தங்கியிருக்கிறது? வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்குச் சம்பளத் தேதி கடந்துவிட்டதா? தையல்காரர் என்றால், "நாளைக்குத் தந்துடறேன்" என்று சொன்ன ஜாக்கெட் நாளைக்கு முடியாது என்று சொல்லும்போதே தெரியுமா? கடைக்காரர் என்றால் தராசு? அளவில் மோசடி செய்பவர்களைக் கண்டித்தே 83ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. மாதச் சம்பளக்காரர்கள் இதைப் படித்துவிட்டு நமக்கில்லை என்று தாண்டிப் போகக்கூடாது. வேலை நேரத்தில் ஒரு மணி நேரம் ரீல்ஸ் பார்த்ததும் அளவுக் குறைவுதான்.

கடனை எழுதிவைக்கச் சொல்லும் 2:282தான் குர்ஆனிலேயே நீளமான வசனம். கடன் வைத்து இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழவைக்க நபி (ஸல்) முன்வரவில்லை. அந்தக் கடனை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று அபூகதாதா (ரலி) சொன்ன பிறகுதான் தொழவைத்தார்கள். நூறு ரூபாய்க் கைமாற்றையும் எழுதுங்கள். கொடுத்தவர் கேட்கக் கூச்சப்படுவார், வாங்கியவர் மறந்துவிடுவார், அப்படித்தான் நூறு ரூபாய்கள் மறுமை வரை போகின்றன.

இதிலேயே தினமும் வராத பெரிய கணக்குகள் சில இருக்கின்றன. வாப்பா மவுத்தாகி வருடங்கள் ஆன பிறகும் சகோதரிகளின் பங்கு பிரிக்கப்படாமல் இருக்கிறது. அல்லது "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று அவர்களைச் சொல்ல வைத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. பெண்மக்களின் பங்கை 4:11 அளவோடு சொல்லியிருக்கிறது. அது அண்ணன் தம்பிகள் மனமுவந்து தருகிற சீர் அல்ல. கல்யாணத்தில் வாங்கிய கைக்கூலியும் (வரதட்சணையும்) இந்த வகைதான். பெண்ணுக்கு மஹர் கொடுக்க வேண்டியவன் வாங்கியிருக்கிறான். இவற்றை ஒரே இரவில் தீர்க்க முடியாது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதி, வெள்ளிக்கிழமை தோறும் அந்தப் பக்கத்தைத் திறந்து, இந்த வாரம் ஏதாவது ஓர் அடி வைத்தேனா என்று மட்டும் பாருங்கள். ஒரு போன் கால்கூட ஓர் அடிதான்.

ஒரு நாளின் பக்கம்

எப்படி எழுதுவது என்று தயங்குபவர்களுக்காக ஒரு மாதிரி:

சு வக்து. லு வக்து. அ கடைசி நேரம், மீட்டிங். ம ஜமாஅத். இ வீட்டில்.
நாக்கு: டீக்கடை, சிரித்தேன்.
பணம்: மெக்கானிக் 350 பாக்கி.
நல்லது: பக்கத்து வீட்டு நன்னியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது.
நாளை: ஆபீஸ் போகும் வழியில் 350.

இவ்வளவுதான். இதில் "நாளை" என்கிற வரி இல்லையென்றால் மற்ற வரிகள் எதற்கும் உதவாது. வருத்தப்படுவதோடு முடிகிற முஹாஸபா சில நாளில் ஒரு பழக்கமாகிவிடும். வருத்தப்பட்டதே ஏதோ செய்துவிட்ட திருப்தியைத் தரும்.

"நல்லது" வரியைப் பெருமைக்காக எழுதச் சொல்லவில்லை. யாருக்குத் தன் நன்மை மகிழ்ச்சியும் தன் தீமை வருத்தமும் தருகிறதோ அவரே மூமின் என்று திர்மிதியில் வருகிறது. அந்த மகிழ்ச்சிக்கு ஓர் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

எழுதக்கூடாதவையும் உண்டு. அல்லாஹ் மறைத்துவைத்த பாவத்தை விவரமாக எழுதி யார் கண்ணிலாவது படும்படி வைக்காதீர்கள். இரவில் செய்ததை அல்லாஹ் மறைத்திருக்க, காலையில் தானே வெளியே சொல்லித் திரிபவனைப் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஒரு ஹதீஸ் கடுமையாகக் கண்டிக்கிறது. உங்களுக்கு மட்டும் புரிகிற ஒரு புள்ளி வைத்தால் போதும். கணவன் மனைவியிடமும் மனைவி கணவனிடமும் பழைய பாவங்களை ஒப்பிக்க வேண்டிய கடமையும் நம் மார்க்கத்தில் இல்லை.

தவறு தெரிந்தபின்

தவ்பாவுக்கு (பாவத்திலிருந்து மீள்வதற்கு) அறிஞர்கள் சொல்வது மூன்று: அந்தப் பாவத்தை விடுவது, வருந்துவது, திரும்பச் செய்வதில்லை என்று உறுதி எடுப்பது. இன்னொரு மனிதர் சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவதாக அவருடைய ஹக்கைத் திருப்பித் தர வேண்டும். தன் சகோதரனுக்கு அநீதி செய்தவர் தீனாரும் திர்ஹமும் செல்லாத நாள் வரும் முன் இன்றே தீர்த்துக்கொள்ளட்டும் என்று புகாரியில் வருகிறது. காசு என்றால் திருப்பித் தருவது. திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்பது. பிள்ளைகளிடமும் கேட்கலாம், கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

புறம் பேசியதுதான் சிக்கல். "உங்களைப் பற்றி இப்படிப் பேசிவிட்டேன்" என்று போய்ச் சொன்னால் அவருக்கு இதுவரை இல்லாத காயம் உண்டாகும், உறவும் முறியலாம். அப்படிப்பட்ட இடத்தில் அவருக்காக துஆ செய்வதும், எந்தச் சபையில் பேசினோமோ அதே சபையில் அவருடைய நல்லதைச் சொல்வதும் போதும் என்பது பல அறிஞர்களின் கருத்து. அதே டீக்கடை, அதே நாலு பேர். கஷ்டமாகத்தான் இருக்கும்.

அபராதம் போடுவதில் எகிப்தின் இப்னு வஹ்பிடம் கற்றுக்கொள்ளலாம். இமாம் மாலிக்கின் மாணவர், ஹிஜ்ரி 197இல் மறைந்தவர். யாரையாவது புறம் பேசினால் ஒரு நாள் நோன்பு என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்டார். நாளாக ஆக நோன்பு பழகிவிட்டது, புறமும் நோன்புமாக ஓடியது. அதனால் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு திர்ஹம் தர்மம் என்று மாற்றினார். காசின்மேல் இருந்த பிரியத்தில் புறம் பேசுவதையே விட்டுவிட்டதாக அவரே சொல்கிறார். வலிக்கிற இடம் ஆளுக்கு ஆள் வேறு. தாராளமாகச் செலவழிப்பவருக்கு ஐம்பது ரூபாய் ஸதகா அபராதமே ஆகாது. அவர் ஒரு நாள் போனில் வீடியோ பார்க்காமல் இருக்கட்டும். ஆனால் தூக்கத்தைக் கெடுக்கிற, உடம்பை வருத்துகிற, வீட்டாரைப் பாதிக்கிற அபராதம் வேண்டாம்.

விட்டுப்போகும், அப்போது

சில இரவுகள் எழுத மாட்டீர்கள். காய்ச்சல், பயணம், சோம்பல். விட்ட பக்கங்களை ஞாபகப்படுத்தி நிரப்ப உட்காராதீர்கள். இன்றைய தேதி போட்டு இன்றைக்கு எழுதுங்கள். குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவதே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமான அமல் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ், பத்து நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள் என்று நான் சொல்வதற்கும் ஆதாரம். தமக்குத் தாமே வரம்பு மீறியவர்களே, அல்லாஹ்வின் ரஹ்மத்தில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்கிற 39:53ஐ நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

வேறு ஒரு வகை ஆட்கள் இருக்கிறார்கள். ஒளு கூடியதா என்று நாலு தடவை கழுவுவார்கள், தக்பீரைத் திரும்பத் திரும்பக் கட்டுவார்கள், பேசியது பாவமா என்று விடிய விடிய மனசைக் குடைவார்கள். இவர்களுக்கு இந்த நோட்டு கூடாது. வஸ்வாஸ் எனும் இந்தத் தீராத சந்தேகத்துக்குக் கணக்கு எழுதுவது எண்ணெய் வார்க்கும். சந்தேகத்தைப் புறக்கணித்துவிட்டு மேலே போவதுதான் மார்க்கம் சொல்லும் வழி. அதுவும் முடியவில்லையென்றால் ஹஸ்ரத்தோடு ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். அது ஈமானின் குறை அல்ல, சிகிச்சை உள்ள நோய்.

மாதம் ஒருமுறை பழைய பக்கங்களைப் புரட்டுங்கள். எந்த இடம், எந்த நேரம், யாருடைய பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். ஐந்து எழுத்தும் பெரும்பாலும் வக்தில் நிற்கிறது, "பணம்" வரி காலியாகிவருகிறது என்றால், அப்போது கூடுதல் வணக்கமாக ஒரு நஃபிலைச் சேர்க்கலாம். ஒன்றே ஒன்று. திங்கள் நோன்போ, முற்பகலில் லுஹாத் தொழுகையோ, தூங்கும் முன் நபி (ஸல்) தம் மகள் ஃபாத்திமாவுக்கு (ரலி) கற்றுக்கொடுத்த தஸ்பீஹோ: ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34. கடைசியாகச் சொன்னது நோட்டை மூடிவைத்த கையோடு படுக்கையிலேயே முடிந்துவிடும் என்பதால் என் ஓட்டு அதற்கு. பார்த்து முடித்த பக்கங்களைக் கிழித்துவிடலாம். ஆயத்தோ அல்லாஹ்வின் பெயரோ எழுதிய பக்கத்தை மட்டும் குப்பையில் போடாமல் தனியாக எடுத்துவையுங்கள்.